ஜோடியே ரிஜெக்ட்!

போன ஞாயிற்றுக்கிழமை பகல் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. பிரியாணிக்குப் பேர்போன ஆம்பூரில், அதுவும் ஞாயிற்றுக்கிழமை பகலில், ஒருவன் பட்டினி கிடந்தான் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்புவார்களா? காரணம் — எக்ஸ்!

என் மனைவி வசந்தா ஷூ ஃபேக்டரியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். ஷூவின் மேல்பாகம் தைத்து முடிந்து, ஜோடி ஜோடியாக அவள் மேஜைக்கு வரும். தையல், தோல், நிறம் எல்லாம் பார்த்து அனுப்ப வேண்டும். நாள் முழுக்க நின்றபடிதான். சாயங்காலம் வந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொள்வாள். பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். இப்போது அந்தப் பிரிவில் சூப்பர்வைசர் வேலை ஒன்று காலி. சூப்பர்வைசருக்கு நாற்காலி உண்டு! ஆனால் திங்கட்கிழமை ஒரு பரீட்சை... அதில் அல்ஜீப்ராவும் வருமாம்.

ஷூ பார்க்க அல்ஜீப்ரா எதற்கு? அதைக் கேட்டால் வேலை கிடைக்குமா?

வீட்டிலேயே ஒரு பி.எஸ்ஸி. மேத்ஸ் டிகிரி சும்மா கிடக்கிறதே என்று நானே வாத்தியார் ஆனேன். மனைவிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து நல்ல பேர் வாங்கிய கணவர் யாராவது இருந்தால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.

'எக்ஸ் பிளஸ் எட்டு, ஈக்வல் டு பதினைந்து' என்று எழுதிக் கொடுத்தேன். வசந்தா எட்டை அடித்தாள். பிறகு பதினைந்தையும் அடித்தாள். அந்தப் பக்கம் மிச்சம் ஒன்றுமில்லை, விடை பூஜ்யமாம். அடுத்த கணக்கும் பூஜ்யம். அதற்கடுத்ததும்!

"பதினைஞ்சு இன்னா பாவம் பண்ணுச்சு? அதை ஏன் அடிச்சே?"

"இந்தப் பக்கம் எட்டை எடுத்துட்டோம் இல்ல? ஒண்ணு ரிஜெக்ட் ஆனா ஜோடியே ரிஜெக்ட்டுங்க. எங்க டேபிள்ல அப்டித்தான்."

உண்மைதான். இடது காலில் ஒரு கீறல் இருந்தால், வலது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதையும் ஒதுக்கிவிட வேண்டியதுதான். வருஷக்கணக்கில் பழகிய கை, நோட்டிலும் அதையே செய்தது.

"அந்தப் பக்கம் போனா பிளஸ் மைனஸ் ஆயிடும்" என்றேன், என் வாத்தியார் எனக்குச் சொன்னபடி.

"ஏன் ஆவுது?"

காரணம் தெரியாதவன் என்ன செய்வான்? குரலை உயர்த்துவான். உயர்த்தினேன்.

"உங்களோட பெரிய பேஜாரு! எனக்கு நாற்காலியும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று பென்சிலை வீசினாள். கண்ணில் நீர். சமையலும் அதோடு நின்றது.

ஹோட்டலுக்காவது போகலாம் என்று கோபமாக ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். எனக்கு அது ஒரு சைஸ் பெரிசு. இரண்டுக்குள்ளும் ஒவ்வோர் அட்டை வைத்திருந்தேன். இடது அட்டை மழையில் ஊறிப்போனதால் அதை மட்டும் எடுத்துவிட்டிருந்தேன். ஆகவே வாசல்வரை ஒரே நொண்டல். கோபித்துக்கொண்டு வெளியேறுகிறவன் நொண்டக்கூடாது ஐயா, மரியாதை போய்விடும்!

வசந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுல எடுத்தா அதுலயும் எடுக்கணும். குடுங்க இப்டி" என்று வலது ஷூவைக் கழற்றி உள்ளே இருந்த அட்டையை உருவினாள்.

"வசந்தா... அந்த எட்டுதான் இந்த அட்டை!" என்று கத்தினேன்.

அவள் அட்டையைப் பார்த்தாள். ஷூவைப் பார்த்தாள். "அப்போ... ஷூவையே தூக்கிப் போட வேணாம். அந்தப் பக்கமும் எட்டை மட்டும் எடுத்தா போதும். பதினைஞ்சுல எட்டு போனா ஏழு. எக்ஸு ஏழாங்க?"

ஏழேதான்! எனக்குப் பசியே மறந்துவிட்டது. பெருக்கல், வகுத்தல் கணக்கெல்லாம் சாயங்காலத்துக்குள் ஊதித் தள்ளினாள்.

வியாழக்கிழமை ரிசல்ட். நாற்காலி கிடைத்துவிட்டது. வந்து சொன்னபோது அவளைவிட எனக்குத்தான் சந்தோஷம். அந்தச் சந்தோஷம் மறுநாள் காலைவரை நீடித்தது.

"நீங்களும் வேலைக்குப் போறீங்க, நானும் போறேன். இந்தப் பக்கம் நான் சோறு வடிச்சா, அந்தப் பக்கமும் எதாவது நடக்கணும் இல்ல?"

நடக்கிறது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குழம்பு என் பொறுப்பு.

என்ன குழம்பு என்று மட்டும் கேட்காதீர்கள்... எக்ஸ் என்று வைத்துக்கொள்வோம்!