ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால்

ஐந்தாம் வகுப்போடு என்னை அருப்புக்கோட்டையில் தறி வேலைக்கு அனுப்பினார்கள். இருபது விசைத்தறி ஓடும் கொட்டகையில் சாதாரணக் குரலில் பாடினால் பாடுகிறவனுக்கே கேட்காது. தறிச் சத்தத்துக்கு மேலே ஏறிப்போகிற குரல்தான் கேட்கும். அப்படி ஏற்றிப் பாடிப் பாடியே எனக்குப் பெண்குரல் பிடிபட்டது. பேசும்போது ஆண்குரல்தான். ஆனால் நான் அதிகம் பேசுகிறவன் இல்லை.

பாட்டுக் கச்சேரிக் குழு நடத்துகிற ஒருவர் இதைக் கேள்விப்பட்டு என்னைச் சேர்த்துக்கொண்டார். டூயட் பாட்டில் பெண் பாடும் வரிகளெல்லாம் எனக்கு. முதல் கச்சேரி பரளச்சியில். நான் வாயைத் திறந்ததும் கூட்டம் சிரித்தது. பாட்டு முடியும்வரை சிரித்தது.

அடுத்த கச்சேரிக்கு அவர் காரியாபட்டியிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார். துணிக்கடையில் வேலை பார்க்கிறவள். பார்க்க லட்சணமாக இருப்பாள், பாட வராது. அவள் கையில் உயிரில்லாத மைக்கைக் கொடுத்து முன்னால் நிறுத்தினார். என்னை ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். பெட்டி ஓரமாக என் வலது கை மட்டும் அவளுக்குத் தெரியும். நான் ஒரு விரலைத் தூக்கினால் அடுத்த மூச்சில் பாட்டு வரும். அதைப் பார்த்து அவள் வாயசைப்பாள். ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் பிந்தியதில்லை. கச்சேரிக்கு முன்னால் "தொண்டைக்கு இதமா குடிங்கண்ணே" என்று எனக்கு வெந்நீர் ஊற்றித் தருவதும் அவள்தான்.

எங்களுக்கு ஸ்பீக்கர் வாடகைக்குக் கொடுக்கும் பாய், பல வருஷம் துபாயில் இருந்தவர். ஒருநாள் செல்போனில் ஒரு வீடியோ காட்டினார். தாடி வைத்த வெள்ளைக்காரன் ஒருவன், பெரிய அரங்கில் ஏதோ நாடகத்தில் பெண்குரலில் பாடிக்கொண்டிருந்தான். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஒன்னைய மாதிரிதான்ப்பா. அங்க இதுக்குன்னே ஆளு இருக்காக. சனம் மரியாதையா ஒக்காந்து கேக்குது" என்றார் பாய்.

மறுபடி போடச் சொல்லி மூன்று முறை பார்த்தேன்.

அந்த மாதமே நரிக்குடியில் என் மச்சினர் மகளுக்குக் காதுகுத்து. மண்டபத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் கச்சேரி. மச்சினர் தன் ஆட்களிடம், தங்கச்சி மாப்பிள்ளை குழுவில் பெட்டி தூக்குகிறார் என்றுதான் சொல்லி வைத்திருந்தார். குழுவின் ரகசியம் என்பதால் என் மனைவியாலும் மறுத்துப் பேச முடியவில்லை. அன்றைக்கு ஒரே ஒரு பாட்டு முன்னால் நின்று பாடுகிறேன் என்று குழு நடத்துகிறவரிடம் கேட்டிருந்தேன். ஐந்தாவது பாட்டு உனக்கு என்று ஒப்புக்கொண்டார். இஸ்திரி போட்ட சட்டையோடு பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

நான்கு பாட்டு முடிந்ததும் மச்சினர் பொன்னாடையோடு மேடையேறி அவளுக்குப் போர்த்தினார். தன் கையிலிருந்த மைக்கில், "இந்தக் கொரலு எங்கிருந்தும்மா வந்துச்சு?" என்று கேட்டு அவள் பக்கம் நீட்டினார்.

"சாமி குடுத்ததுங்க" என்றாள்.

வேறு என்னதான் சொல்லுவாள். இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை. குழு நடத்துகிறவர் பின்னால் வந்து, கூட்டம் அந்தப் பிள்ளைமேல் கிறுக்காக இருக்கிறது, உன் பாட்டை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த பாட்டுக்கு இசை தொடங்கியது. அவள் பெட்டி ஓரமாகப் பார்த்தாள். நான் விரலைத் தூக்கினேன். பாடவில்லை.

அவள் வாய் திறந்து மூடியது. இரண்டு வரி அப்படியே போயிற்று. "ஏலே, புள்ளைக்குக் கரண்டு போச்சுடா" என்று பந்தியிலிருந்து ஒருவன் சொன்னான். மைக்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து மச்சினர் ஓடிவந்து தன் மைக்கை அவள் வாயருகே பிடித்தார். அவள் பாடினாள். அந்தக் குரலுக்கு மண்டபமே சிரித்தது. இலையில் கைவைத்தவர்களும் எழுந்து நின்று பார்த்தார்கள். அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை. என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதை இன்னும் இறக்கவில்லை.

பிறகு நான் எழுந்து முன்னால் வந்து மிச்சப் பாட்டைப் பாடினேன். நன்றாகத்தான் பாடினேன். சிரிப்பு கூடியது. மச்சினர் விசிலடித்தார். என் மனைவி குனிந்துகொண்டாள். கடைசிவரை தலை நிமிரவில்லை. அந்தப் பெண் பொன்னாடையை மடித்து என் ஸ்டூல்மேல் வைத்துவிட்டு, சாப்பிடாமல் பஸ்ஸுக்குப் போனாள்.

அன்று கேட்ட சிரிப்பு குழு நடத்துகிறவருக்குப் பிடித்துவிட்டது. இப்போதெல்லாம் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று நான் பாடத் தொடங்குவேன். நான்கு வரி அமைதியாகக் கேட்பார்கள். அப்புறம் அவர் என் தோளைத் தட்டி, "திரும்புப்பா" என்பார். திரும்புவேன். சிரிப்பார்கள்.

போன பொங்கலுக்கு முன்னால் காரியாபட்டியில் அவள் வேலை பார்க்கும் கடைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். "என்ன வேணும் சார்?" என்றாள். ஆறு வருஷமும் அண்ணே என்றவள். மேல்தட்டில் இருந்த துண்டைக் காட்ட விரலைத் தூக்கினேன்.

அவள் என் விரலைப் பார்த்தாள்.

"வாயத் தொறந்து சொல்லுங்க சார்" என்றாள்.

துண்டு என்றேன். எடுத்துப்போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டாள்.