இரட்டைப் பின்னல்

அப்போது தெலுங்கு பேசும் ஊரான அல்வாலில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. அடுத்த வீட்டில் லாரி வைத்திருந்த சர்தார்ஜி ஒருவர் இருந்தார். அவர் மனைவி பிரசவத்துக்காகப் பஞ்சாப் போயிருந்ததால், லாரியோடு நாக்பூர் கிளம்பும்போதெல்லாம் மகனை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார். அவனுக்கும் என்னைப் போல எட்டு வயது. அம்மா வைக்கும் ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிப்பான்.

பிரதமரைச் சுட்டுக் கொன்ற செய்தி வந்த மறுநாள், அப்பா வேலையிலிருந்து பாதியில் திரும்பினார். அன்றும் சர்தார்ஜி லாரியோடு போயிருந்தார்; மகன் எங்கள் வீட்டில் இருந்தான். சுட்டவர்கள் சீக்கியர்கள் என்பதால் சர்தார்ஜி வீடுகளைத் தேடிப் போய் அடிக்கிறார்களாம்.

"இவன் முடியை வெட்டிடலாம். ஒரு நிமிஷ வேலை" என்று கத்தரிக்கோலை எடுத்தார்.

அம்மா அதைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள் போட்டாள். "பெத்தவ நம்மளை நம்பி விட்டுட்டுப் போயிருக்கா. ஒத்தை முடி குறையக் கூடாது."

அவன் கொண்டையை அவிழ்த்து, எண்ணெய் தடவி, இரட்டைப் பின்னல் போட்டாள். கையிலிருந்த இரும்பு வளையத்தைக் கழற்றப் போனபோது அவன், "நக்கோ ஆன்ட்டி", வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டான். அம்மா வற்புறுத்தவில்லை. அது தெரியாதபடி என் கண்ணாடி வளையல்களை நெருக்கமாக அடுக்கிவிட்டாள். அதுவரை நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். போன வாரம் தீபாவளிக்குத் தைத்த என் பச்சைப் பாவாடையை எடுத்து அவனுக்குக் கட்டியதும் தரையில் புரண்டு அழ ஆரம்பித்தேன்.

கதவு தட்டப்பட்டது. ஏழெட்டுப் பேர், கையில் தடிகள். சர்தார்ஜியின் பிள்ளை இங்கேதானே இருக்கிறான் என்றார்கள். அம்மா வாசலை அடைத்து நின்றாள். ஒருவன் அவளைத் தாண்டி எட்டிப் பார்த்து, அந்தப் பெண் யார் என்று கேட்டான்.

"மா அக்க கூத்துரு" என்றாள் அம்மா. அக்கா மகளாம்! எனக்குப் பொறுக்கவில்லை.

"அதி நா லங்கா! விப்பமனு!" என்று தெலுங்கில் கத்தினேன். அது என் பாவாடை, அவிழ்க்கச் சொல் என்று.

தடிக்காரன் சிரித்துவிட்டான். தன் வீட்டிலும் இதே சண்டைதான் என்று சொல்லிக்கொண்டே கூட்டத்தோடு இறங்கிப் போனான். அம்மா கதவைச் சாத்தி அங்கேயே உட்கார்ந்தாள். அடிக்கப்போகிறாள் என்று நான் ஒதுங்கினேன். அவளோ என்னை இழுத்து மூச்சுமுட்டக் கட்டிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் சர்தார்ஜி வந்தார். தாடி இல்லை, தலைப்பாகை இல்லை, தலை முழு மொட்டை. மகனே பயந்து அம்மாவின் பின்னால் ஒளிந்தான். குரலைக் கேட்ட பிறகுதான் அருகில் போனான். அவர் அந்த இரண்டு பின்னல்களையும் கண்களில் ஒற்றிக்கொண்டு விம்மினார்.

அங்கிள், திருப்பதி போனீர்களா என்று கேட்டேன். அவர் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார்.

"ஹவ், பேட்டீ" என்றார், ஆமாம் மகளே என்று.

அப்படியானால் லட்டு எங்கே என்று கையை நீட்டினேன்.