ஐஸ் அறையில் ஊறிய ஜாடி

மாமியார் இருந்தார், மர நாற்காலியில். நாத்தனார் இருந்தார், தூத்துக்குடியிலிருந்து அன்று காலையில்தான் வந்திருந்தார். என் வீட்டுக்காரர் மளிகைக் கடையைப் பாதி சாத்திவிட்டு வந்து நின்றார். என் தம்பி கதவோரம் உட்கார்ந்திருந்தான். ஜாடி தூக்க ஆள் வேண்டும் என்று நான்தான் கூப்பிட்டேன். அப்புறம் நான். தரையில் நாலு ஜாடி, வாயில் துணி கட்டி.

கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருந்தது. ஒயின் திறக்கிற நாள்.

ராயபுரத்தில் எங்கள் தெரு முழுக்க அந்த ஒயினுக்குக் காத்திருக்கும். பன்னீர் திராட்சை, சர்க்கரை, கோதுமை, கிராம்பு. மாசியில் போட்டு, இருபத்தொரு நாள் தினம் கிண்டி, வடிகட்டி, திரும்ப ஜாடியில் ஊற்றி மாடியறையில் வைப்பார்கள். அதற்குப் பிறகு ஜாடியை அசைக்கக் கூடாது. அந்த அறையில் வேகமாக நடந்தாலே மாமியார் திட்டுவார்.

மாடியறைக்குத் தகரக் கூரை. இரண்டு வருடமாக மே மாதச் சூட்டில் பாதி ஒயின் புளித்துப் போனது. யாரும் அதைப் பேசவில்லை.

நான் காசிமேட்டு மீனவர் வீட்டுப் பெண். தம்பிக்கு அப்பா விட்டுப்போன ஒரு லாஞ்சுப் படகு இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலத்தில் இரண்டு மாதம் அது துறைமுகத்தில் சும்மா கட்டிக் கிடக்கும். மீன் போட்டு வைக்கிற ஐஸ் அறை காலியாக இருக்கும். வெயில் இறங்காது, வெளிச்சம் உள்ளே போகாது. சின்ன வயதில் மதியத்தில் நான் அங்கேதான் படுத்துத் தூங்குவேன்.

மாமியார் ஈஸ்டருக்கு நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தார், ஜூனில்தான் திரும்புவார். ஒரு ஜாடியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனேன். ஐஸ் அறையைச் சோடா உப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன். மூடியைச் சுற்றி மைதா மாவு அப்பி, தார்ப்பாய் சுற்றி, சுற்றிலும் வடக்கயிறு வைத்து இறுக்கினேன்.

தம்பி எட்டிப் பார்த்தான். "இன்னாக்கா, மீனு வெக்கிற எடத்துல சாராயம் வெச்சிகினு கீறே?"

"ஒயின்டா," என்றேன்.

ஜூனில் மாமியார் ஒரு நாள் முந்தித் திரும்பிவிட்டார். தம்பி ஜாடியைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் எதிரிலேயே வந்து நின்றான். மாமியார் ஜாடியை முகர்ந்தார். வெளிப்பக்கம் கடல் வாடை. எங்கே இருந்தது என்று கேட்டார். சொன்னேன். ஆடுகிற படகிலா என்று மட்டும் கேட்டார்.

அதை மற்ற மூன்றோடு வைக்க விடவில்லை. மாடிப்படிக்கு அடியில் வைக்கச் சொன்னார். "கெட்டுப் போயிருந்துச்சுன்னா, இனிமே நீ இந்த வீட்டு ஜாடியில கை வைக்கக் கூடாது, பாத்துக்க."

சரி என்றேன்.

ஆறு மாதம் அந்தப் படியில் ஏறி இறங்கினேன். தொடவில்லை.

திறக்கிற நாளில் மாடி ஜாடிகள் முதலில். முதலாவது புளிப்பு. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதை வாயில் வைத்ததும் வீட்டுக்காரர் முகம் கோணியது. ஊறுகாய்க்கு ஆகும் என்றார்.

என் ஜாடிக்கு வந்தபோது நாத்தனார் சிரித்தார். "வடிகட்டிக் குடிங்கம்மா, முள்ளு கெடக்கும்."

"கெடச்சா பூனைக்குப் போடுங்கக்கா," என்றான் தம்பி.

நான் துணியை அவிழ்த்து மாவை உடைத்தேன். கண்ணாடி டம்ளரில் ஊற்றியபோது அடியில் பிடித்த விரல் தெரிந்தது. அத்தனை தெளிவு. இரண்டு மாதம் அலை ஆட்டினதில் உள்ளே இருந்தது எல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்ந்து, பிறகு ஆறு மாதத்தில் படிந்திருக்கும். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. முதலில் நாக்கில் இனிப்பு. விழுங்கின பிறகு கிராம்பு. மீன் இல்லை.

மாமியார் குடித்தார். டம்ளரைக் கீழே வைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் என்று நீட்டினார். நாத்தனாரும் நீட்டினார்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குத் தெருவுக்குப் போனது என் ஜாடி. கேட்டவர்களிடம் மாமியாரே சொன்னார், மருமகள் போட்டது என்று. அது பிறகு.

அன்று மாமியார் என் தம்பி பக்கம் திரும்பினார். என் கல்யாணத்துக்குப் பிறகு அவனிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"தம்பி, ஒங்க படகுல எத்தன ஜாடி கொள்ளும்?"

அவன் என்னைப் பார்த்தான். ஏப்ரலிலேயே நான் அந்த அறையைச் சாண் போட்டு அளந்திருந்தேன்.

"பதினாலு," என்றேன்.