பாவு பிடித்தவர்களின் ஓட்டு

ஊரார் மனசில் இருப்பதைக் கேட்டு எழுதுவதும் ஓர் உத்தியோகம் என்றால் யாரும் நம்புவதில்லை, எனக்குப் பார்த்திருந்த பெண்ணின் அப்பாகூட, "அது சரி, வேலை என்ன பார்க்கிறீங்க?" என்றுதான் கேட்டார். படிவமோ பையோ தூக்கிக்கொண்டு கதவு தட்டிப் பிழைத்தவர்களே, உங்களுக்குத்தான் என் வயிற்றெரிச்சல் புரியும்.

எழுபதுகளின் தொடக்கம். சட்டமன்றத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு கம்பெனி என்னைத் தற்காலிகமாக எடுத்துக் காஞ்சிபுரத்துக்கு அனுப்பியது. கேள்வி இரண்டே இரண்டு. ஜனாதிபதி எப்படி: நன்றா, மோசமா? ஓட்டு யாருக்கு: ஆளுங்கட்சிக்கா, எதிர்க்கட்சிக்கா? படிவங்கள் ஒழுங்காக வந்தால் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால்தான் கல்யாணம்.

வெயிலில் ஒரு சந்தேகம்

திருப்புட்குழியில் ஒருவர் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்று ஜனாதிபதியைப் பற்றிக் கேட்டேன். மாட்டை நிறுத்தி, "அவருக்கு நானா ஓட்டுப் போட்டேன்?" என்றார். இல்லை, எம்.பி., எம்.எல்.ஏ.க்கள்தான் போடுவார்கள் என்று விளக்கினேன். தலைக்கு மேலே கொக்குகள் போய்க்கொண்டிருந்தன. அவை மறையும்வரை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அப்போ அவங்களைப் போய்க் கேளு சார். எங்கிட்ட வந்து எதுக்கு வெயில்ல காஞ்சிக்கினு நிக்கிற?"

மடித்து எழுது

பெரிய காஞ்சிபுரத்தில் மத்தியானத் தறிச் சத்தம் தாலாட்டு மாதிரி. பாதிக் கேள்வியிலேயே எனக்குக் கண் சொருகும். ஒரு வீட்டில் கணவர் நெய்ய, மனைவி பக்கத்தில் உட்கார்ந்து புடவைக் கரைக்கு, நூல் ஓட்டும் நாடாக்கட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தார். கணவர் கேள்வியை முடிக்கவிடாமல், "எங்க ஊட்ல எல்லா ஓட்டும் ஆளுங்கட்சிக்குத்தான்" என்றார். அந்தம்மா நாடாவை இன்னும் வேகமாகத் தள்ளினார். கணவர் தண்ணீர் குடிக்க எழுந்துபோனதும் என் பக்கம் சாய்ந்தார்:

"அவரு சொன்னதை அவரு பேர்ல எழுதிக்கோ சார். என்னுது எதிர்க்கட்சி. அதை மட்டும் மடிச்சு வெச்சிக்கோ."

எட்டுப் படிவம் ஒரே மூச்சில்

பிள்ளையார்பாளையத்தில் விடிகாலையில் பாவு நீட்டுவார்கள். புடவை நீளத்துக்கான பட்டு இழைகளைத் தெருவோடு இழுத்துக் கட்டி, நடுநடுவே கோல் செருகி ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, கஞ்சி தெளித்து, சிக்கெடுப்பார்கள். அன்றைக்குப் பனி. வீடு தெரியவில்லை, ஆள் தெரியவில்லை. இடுப்புயரத்தில் அரக்கு நிறம் மட்டும் தெரு நெடுக மிதந்துகொண்டிருந்தது. நான் முழித்திருக்கிறேனா என்றே சந்தேகமாயிருந்தது.

பாவுக்குச் சொந்தக்காரர் கந்தப்ப முதலியார். அவரிடம்தான் முதலில் கேட்டேன். "ஜனாதிபதி நன்று. ஓட்டு ஆளுங்கட்சிக்கு" என்றார். பனிக்குள்ளிருந்து, பாவு பிடித்திருந்த மற்ற ஏழு பேரும் வரிசையாக அதையே சொன்னார்கள். கனவில் கிடைத்த புதையல் மாதிரி எட்டுப் படிவம் நிரம்பிவிட்டது. கல்யாணப் பந்தலே கண்ணில் தெரிந்தது. முதலியார் கேட்டார்:

"எழுதிக்கினியா? அப்போ இந்தக் கோலைக் கொஞ்சம் புடி சார்."

முதல் குரல்

நான் அனுப்பிய எட்டும் ஒரே மாதிரி இருந்ததைப் பார்த்த கம்பெனி மேற்பார்வையாளர் மெட்ராசிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். "ரூம்ல உட்கார்ந்து நீயே எழுதினதுதானே?" என்றார். மறுநாள் விடிகாலை அவரைப் பிள்ளையார்பாளையத்துக்கு அழைத்துப்போனேன். அதே பனி, அதே எட்டுப் பேர், வேறொரு பாவு. முதலியார் அவர் கையிலும் ஒரு கோலைக் கொடுத்து, மரியாதைக்கு, "சாரு ஓட்டு எந்தப் பக்கம்?" என்றார். மேற்பார்வையாளரும் ஜம்பமாக, "ஜனாதிபதி மோசம். ஓட்டு எதிர்க்கட்சிக்கு" என்றார்.

அப்புறம்தான் அவர் கேட்க ஆரம்பித்தார். ஜனாதிபதி மோசம், ஓட்டு எதிர்க்கட்சிக்கு. முதலியார் உட்பட எட்டுப் பேரும் அட்சரம் பிசகாமல் அதையே சொன்னார்கள். மேற்பார்வையாளர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் வேலையும் போச்சு, பெண்ணும் போச்சு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பாவைச் சுருட்டியதும், "ஏன் இப்படி மாத்திச் சொன்னீங்க?" என்று முதலியாரிடம் கிட்டத்தட்டக் கெஞ்சினேன். அவருக்கு என் கேள்விதான் விசித்திரமாயிருந்தது. "பாவு தெருவுல இருக்கிறப்போ தர்க்கம் பண்ணக் கூடாதுபா. கோவத்துல ஒருத்தன் கையை உதறினா இழை அறுந்துபூடும். மொத ஆளு இன்னா சொல்றாரோ அதான் எல்லாருக்கும். அன்னிக்கு நான் சொன்னேன், இன்னிக்கு சாரு சொன்னாரு. நெஜமா வேணும்னா தறியாண்ட வந்து தனித்தனியா கேளு."

போய்க் கேட்டோம். ஒரே குரலில் பேசிய எட்டுப் பேரும் நாலு விதமாகப் பிரிந்துபோனார்கள். மேற்பார்வையாளர் வெகுநேரம் தன் உள்ளங்கையில் காய்ந்திருந்த கஞ்சியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பிறகு காலையில் தான் எழுதிய எட்டையும் கிழித்தார், என்னுடையதையும் கிழித்தார். என் வேலையை நிரந்தரம் செய்யச் சொல்லும் தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்:

"நான் கோல் பிடிச்சது ஆபீசுக்குத் தெரிய வேண்டாம்."

கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும், ஊரே ஒரே குரலில் பேசுகிறது என்று யாராவது சொன்னால், முதலில் வாயைத் திறந்தது யார் என்றுதான் தேடுகிறேன்.