கதிரை மிதிக்காத அண்ணன்

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். விபத்தைப் பற்றி இதுவரை உங்களிடம் சொன்னதில் பாதிதான் உண்மை.

அண்ணன் பிறந்தது முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில், கூலிக்கு நாற்று நட்ட அம்மாவுக்குத் தலைப்பிள்ளையாக. விளைந்த கதிரில் கால் வைத்தால் அம்மா கையில் எது இருக்கிறதோ அதாலேயே அடி விழும். அப்படி வரப்பில் நடந்து வளர்ந்தவர், படித்து ஹெலிகாப்டர் ஓட்டினார். கோபக்காரர்தான், ஆனால் பொய் சொல்லத் தெரியாதவர் என்றே நினைத்திருந்தோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், தை மாதம். ஓர் இளம் பொறியாளரை ஏற்றிக்கொண்டு திருத்துறைப்பூண்டிப் பக்கம் பறந்தபோது இன்ஜின் நின்றுபோனது. இன்ஜின் நின்றாலும் மேலே உள்ள விசிறி காற்றில் சுழலும், அதை வைத்து ஒரே ஒரு முறை மெல்ல இறக்கலாம் என்பார் அண்ணன். நேர் கீழே அறுப்புக்காகத் தண்ணீர் வடித்த வயல், இறுகிய தரை. அண்ணன் அதைத் தாண்டி எதிர்த் திடலுக்கு இழுத்தார். எட்டவில்லை. வாய்க்கால் கரையில் மோதிப் புரண்டது. அண்ணனுக்கு முதுகெலும்பு முறிந்தது. பொறியாளருக்கு ஒரு கால் போயிற்று.

காற்று தள்ளிவிட்டது என்று விசாரணையில் சொன்னார். நாங்களும் அதையே சொன்னோம். படுக்கையில் கிடந்தபோது என்னிடம் மட்டும் சொன்னார்.

“கதிர் முத்தி நின்னுச்சு பாப்பா. அதுல இறக்க மனசு வரல. அந்தத் தம்பி கால் என்னாலதான் போச்சு.”

எனக்கு ஆத்திரம் பொங்கியது. நெல்லைப் பார்த்தீர்களே, ஆளைப் பார்த்தீர்களா என்று கேட்டுவிட்டேன். அண்ணன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு ஒருநாள், பொறியாளருக்கு உண்மையைக் கடிதமாக எழுதச் சொன்னார். இன்று நாளை என்று நான் தள்ளிப்போட்டேன். அதற்குள் அண்ணன் போய்விட்டார். இந்த மலரின் முதல் பிரதி அந்தத் தம்பிக்குத்தான் போகிறது. மன்னிப்பதும் மன்னிக்காததும் அவர் விருப்பம்.

கடைசிவரை பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும் நன்றி. அந்த வயல்காரர் காரியத்துக்கு வந்திருந்தார். உங்கள் கதிராவது தப்பியதே என்றேன்.

“எங்க தப்பிச்சுதும்மா? ஊர்ச் சனம் பூரா அதுல விழுந்துதான் ஓடியாந்துச்சு. மொதல்ல மிதிச்சவன் நான்தான்.”

அப்படி ஓடி வந்த கால்களுக்கெல்லாம் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.