ஜமால் வாத்தியாரும் இல்லாத அரசனும்

செய்தியை வண்டிக்கார கபூர்தான் கொண்டுவந்தார். "ஜமால் வாத்யார் மவுத்தாயிட்டாரு சார். காலைல தொழுதுட்டு வந்து படுத்தாரு, அப்பறம் எந்திரிக்கவே இல்ல." பூந்தமல்லியில் அவர் வீட்டுக்குப் போனேன், யாரிடமும் பேசவில்லை. ஏன் என்று அங்கே துக்கத்துக்கு வந்திருந்த உங்களுக்கு இப்போது சொல்கிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். அவர் சரித்திரம், நான் தமிழ். பள்ளியை நடத்தும் ஜமீன்தாருக்குத் தம் முன்னோரான அரசர்களின் வரலாற்றை அச்சிட ஆசை. ஜமால் கல்வெட்டுகளைப் படித்துச் சொல்ல, நான் எழுதினேன். மொத்தம் பதினோரு அரசர்கள். ஆறாமவன் வீரகண்டன், ஏரி வெட்டியவன். ஜமீன்தார் குடும்பம் அவன் வழி வந்தது என்பதால் அவனுக்கு மட்டும் ஒன்பது பக்கம்.

புத்தகம் வந்த மறு ஆண்டு, முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் ஒரு கிணற்றைத் தூர் வாரியபோது எழுத்துள்ள கல் ஒன்று கிடைத்தது. ஜமால் மூன்று நாள் அதன் எதிரே உட்கார்ந்திருந்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"வாத்யாரே, வீரகண்டன்னு ஒருத்தன் இல்லவே இல்ல. அது அஞ்சாவது ராஜாவோட பட்டப்பேரு. ஒரே ஆள ரெண்டு பேரா படிச்சிக்கீறேன்."

"அதுக்கின்னா இப்போ? யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே."

அன்று மாலையே ஜமீன்தாரிடம் போய்ச் சொன்னார். ஒரு வாரத்தில் வேலை போயிற்று. ஜமால் கல்லைத் தவறாகப் படித்தார், வீரகண்டன் ஆண்டது உண்மையே என்று என்னிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கினார்கள். என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம். ஆனால் அதுதான் காரணமா என்று எனக்கே தெரியவில்லை.

கடிதத்தின் நகலை அவருக்கும் அனுப்பியிருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன்.

"இங்க பாரு வாத்யாரே. 'அரசர்'னு ஆரம்பிச்சு 'ஆண்டான்'னு முடிச்சிக்கீறே. தமிழ் வாத்யார் எழுதுற லெட்டரா இது?"

திருத்திக் கொடுத்தேன். சிரித்தார், காபி குடித்தார், போய்விட்டார். மன்னித்தாரா, குத்திக்காட்டினாரா? இன்றுவரை விளங்கவில்லை.

அதன்பின் மனு எழுதிக் கொடுத்துப் பிழைத்தார். பழைய மாணவர்களைத் தேடித் தேடிப் போய், "நான் சொன்ன ராஜா இல்லப்பா, மறந்துடு" என்று சொல்லிவந்தார். ஒருமுறை ஐயப்பன்தாங்கலில் ஒரு கொல்லுப்பட்டறை முன்னால் அவரைப் பார்த்தேன். உள்ளே இருந்த மாணவனிடம் சொல்லிவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தார். கண் கலங்கியிருந்தது.

"பாவம் வாத்யாரே அந்த வீரகண்டன். ஒவ்வொரு ஊட்லயும் போயி அவன சாவடிச்சிட்டு வரேன்."

இல்லாதவனுக்காக ஒரு மனிதர் அழுவாரா? இருக்கிற நான் செய்த துரோகத்துக்கு ஒரு சொல்லும் சொல்லாதவர், அவனுக்காக அழுதார்.

இப்போது சரித்திரப் பாடத்தையும் நான்தான் நடத்துகிறேன். நேற்று இந்த அரசர்களின் பாடம் வந்தது. "பத்துப் பேர்" என்றேன். வாசலில் நின்றிருந்த தலைமையாசிரியர், "பதினொன்று" என்றார்.

"பத்துதான் ஐயா."

நாளைக் காலை ஜமீன்தார் வரச் சொல்லியிருக்கிறார். இது துணிச்சலா, காலம் கடந்த வெட்கமா, புரியவில்லை. ஜமாலிடமிருந்து என்னிடம் மிஞ்சியது இந்த ஓர் எண்தான். இதை மட்டும் இனி யாருக்கும் திருத்திக் கொடுக்கமாட்டேன்.