பழைய லென்சுக்குப் பல் முளைத்தது

நாளை சுங்கை பினாங்கில் ஒரு கல்யாண வீடியோ. மணப்பெண் நடந்து வரும்போது முகம் மங்கக் கூடாது. லென்சைச் சீராகச் சுழற்றும் ஃபாலோ ஃபோகஸ் சக்கரம் வாங்க, இன்று ஜார்ஜ்டவுன் கேமரா கடைக்குப் போனேன்.

கடைக்காரர் என் பழைய லென்சைத் தடவிப் பார்த்தார். "இதுல பல்லே இல்லையே அக்கா. சக்கரம் பிடிக்காது. புது லென்ஸ் வாங்கிருங்க லா."

"பல் வச்ச வளையம் இருக்குமே அண்ணே. எடுங்க, நானே மாட்டுறேன்."

வளையத்தை லென்சில் இறுக்கினேன். சக்கரத்தின் பல் வளையத்தின் பல்லை எட்டாமல் சும்மா சுற்றியது. கழற்றி, மறுபக்கம் திருப்பி மாட்டினேன். பல்லோடு பல் கச்சிதமாகச் சேர்ந்தது.

"அண்ணே, வாசல்லேருந்து நடந்து வாங்க."

வந்தார். நான் கேமராவைப் பிடித்துச் சக்கரத்தை மெல்லச் சுழற்றினேன். திரையில் அவர் முகம் ஓர் இடத்திலும் மங்கவில்லை.

அதைப் பார்த்துவிட்டு, கடைக்காரர் பக்கத்தில் நின்ற வாடிக்கையாளரைக் காட்டினார். "அக்கா, இவருக்கும் மாட்டிக் கொடுங்களேன்."

கொடுத்தேன்.

உங்கள் பழைய லென்சையும் ஓரங்கட்டச் சொன்னவர்கள் யார் யார்?